24 நாள், 3 ஊர்: அறுபதுக்கு மேல் ஐரோப்பா

கேள்வி இது: மனைவிக்கு 63 வயது, கணவருக்கு 68. இருவரும் ஓய்வு பெற்றவர்கள். 12 நாளில் 8 நாடு காட்டும் குழுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட மகன் தயாராக இருக்கிறார். கணவருக்கு முழங்கால் வலி. தாங்களாகவே நிதானமாகப் போய்வர முடியுமா என்று அந்த அம்மா கேட்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இந்த வயதில் அங்கே போய் என்னதான் கிடைக்கப்போகிறது?

போய்வரலாம். முழங்கால் வலியோடும் போய்வரலாம். சொல்லப்போனால், குழுவோடு போவதைவிட நீங்கள் இருவராகப் போவதுதான் முழங்காலுக்கு நல்லது. அந்தக் கடைசி வரிக்குத்தான் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தபால் அலுவலகக் கவுன்டரில் 34 வருடம் உட்கார்ந்தவள். அக்கா என்னைவிட 5 வயது மூத்தவள், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இருவர் வீட்டுக்காரரும் போனபிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஐரோப்பாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை உங்கள் மகன் சொல்வது போன்ற ஒரு குழுவோடு. இரண்டாவது முறை 2023 செப்டம்பரில், நாங்கள் இருவர் மட்டும். அப்போது எனக்கு 66, அவளுக்கு 71.

முதல் பயணத்தை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியைத் தூக்க ஆள் இருந்தது, ராத்திரி சாம்பார் சாதம் கிடைத்தது, எந்த இடத்திலும் வழி கேட்கிற வேலை இல்லை. தனியாகப் போக உதறல் எடுக்கிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடுவார்கள், ஏழு மணிக்கு பஸ். இறங்கும் இடத்திலெல்லாம் “20 நிமிஷம்” என்பார் வழிகாட்டி. அதில் பாதி கழிப்பறை வரிசையில் போய்விடும். ஒரு நீரூற்று முன்னால் அக்காவும் நானும் நிற்கிற படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது எந்த ஊர் என்று இன்றுவரை தீரவில்லை. நான் மிலான் என்கிறேன், அவள் இன்ஸ்புரூக் என்கிறாள். அந்தப் பயணத்தில் முழங்காலைக் கெடுத்தது நடை இல்லை. உட்கார வேண்டிய நேரத்தில் உட்கார முடியாததுதான் கெடுத்தது.

இரண்டாவது முறை அக்கா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் பாதி நாள் செத்துவிடுகிறது: பெட்டி கட்ட, ஸ்டேஷன் போக, புது வீட்டின் சாவி, குழாய், அடுப்பு எல்லாம் பழக. 12 நாளில் 8 முறை மாறினால் 4 நாள் போச்சு. ஆகவே மூன்று ஊர் போதும் என்று முடிவு செய்தோம். வியன்னாவில் 11 இரவு, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 5, பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் 6. நடுவில் ரயில் பயணம் நீளமாக இருந்ததால் ஜெர்மனியின் கொலோனில் ஓர் இரவு.

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த நாடுகள் எல்லாமே ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், எங்களுக்கு அது ஆஸ்திரியா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். நம் ஊர் கோடைவிடுமுறைக் கூட்டத்தில் மாட்டாமல் சீக்கிரம் போடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் இப்போது 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருந்தே ஆக வேண்டும். நம் வயதில் அந்தத் தொகையைவிட முக்கியம், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர், இதய நோய்க்கு அந்தக் காப்பீடு பணம் தருமா என்பது. நிறையத் திட்டங்கள் தருவதில்லை. அந்தப் பக்கத்தை மகனை விட்டுப் படிக்கச் சொல்லாமல் நீங்களே படியுங்கள். 180 நாளில் 90 நாள்வரை தங்கலாம் என்பது பொது விதி, ஆனால் உங்கள் விசாவில் எத்தனை நாள் அச்சடித்திருக்கிறார்களோ அதுதான் கணக்கு. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் பதிகிற புது முறை வந்திருக்கிறது, வரிசை நீளலாம். விமான டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் கணவருக்குச் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அக்கா முதலில் வீம்பு பிடித்தாள், அப்புறம் அதில் உட்கார்ந்து மகாராணி மாதிரி போனாள்.

வீடு எடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. வியன்னாவின் பழைய கட்டிடங்களில் தரைத்தளத்துக்கு மேலே ‘ஹோஹ்பார்டெர்’ என்று ஒன்று, அதற்கு மேல் ‘மெட்ஸானின்’ என்று ஒன்று, அதற்கும் மேலேதான் ‘முதல் மாடி’ ஆரம்பிக்கும். விளம்பரத்தில் முதல் மாடி என்று போட்டிருப்பதை நம்பிப் போனால் மூன்று மாடி ஏறுகிற கதையாகிவிடும். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள், அந்த லிஃப்டுக்கே ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. “தெருவிலிருந்து படுக்கைவரை மொத்தம் எத்தனை படி?” என்று எழுதிக் கேளுங்கள். எண்ணிச் சொல்லாத வீட்டுக்காரரிடம் எடுக்காதீர்கள். பெட்டி, ஆளுக்கு ஒன்று, நீங்களே தூக்கக்கூடிய எடை. ரயிலில் ஏற்றிவிட போர்ட்டர் கிடையாது. கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டியை இழுத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம் வரும்.

சாப்பாடு. நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. அடுப்புள்ள வீடு எடுத்ததற்கு அதுதான் காரணம். அங்கே ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை உண்டு என்று அர்த்தம். ஆஸ்திரியாவில் தெளிவாக, பார்க்கப் பாவமாக இருக்கிற சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. பெல்ஜியத்தில் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலைப் பாரம்பரியமாக மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், எல்லாக் கடையிலும் இல்லை, ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். பால், இறைச்சிப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருப்பதால் எங்கள் ஊர்ப் பால்கோவாவும் நெய்யும் வீட்டிலேயே நின்றுவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும். ரசப்பொடி, பருப்புப்பொடி, ஊறுகாய் போதும். ஆஸ்திரியாவில் பால்சோறு இனிப்புக்கென்று ‘மில்ஷ்ரைஸ்’ என்ற குண்டு அரிசி விற்கிறார்கள். குழைய வேகும். அவர்கள் தயிரும் புளிப்பில்லாமல் கெட்டியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து அக்கா பிசைந்த தயிர்சாதம் வீட்டுச் சாதத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும். முதல் ஞாயிறு இது தெரியாமல் பிஸ்கட்டில் ஓட்டினோம்.

தண்ணீர் வாங்க வேண்டாம். வியன்னா குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருகிறது. 1873இல் போட்ட முதல் குழாய்ப்பாதை இன்னும் வேலை செய்கிறது. அதற்குமுன் அசுத்தத் தண்ணீரால் காலராவும் டைபாய்டும் பரவிய ஊர் அது. குழாயைத் திறந்தால் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று வரும்.

இப்போது ஐந்தாம் நாள் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாத விஷயம் இது. முதல் நான்கு நாள் உற்சாகத்தில் ஓடிவிடும். ஐந்தாம் நாள் காலையில் மழை. அக்கா எழுந்து, “நான் இன்றைக்கு எங்கேயும் வரலை. இங்கே எதுக்கு வந்தோம்?” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எவ்வளவு பணம், எவ்வளவு படிவம்! வார்த்தை முற்றி, நான் தனியாகக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது வீடெல்லாம் ரச வாசனை. அவள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் எங்கள் வயதில் ஒரு அம்மா, தொட்டிச் செடியில் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். “நாலு நாளாக இதே நேரம் இதே வேலை. இன்னைக்குக் கையைக் காட்டினேன், அவளும் காட்டினாள்” என்றாள். அன்றைக்கு ஊருக்குள் வந்து சேர்ந்தாள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என்னைவிட அவள்தான் முன்னால் நடந்தாள். திட்டம் போடும்போது நான்கு நாளுக்கு ஒரு நாளை வெறுமனே விட்டுவிடுங்கள். அதற்கும் வாடகை கொடுக்கத்தான் வேண்டும், மனசு கேட்காது, ஆனாலும் விடுங்கள்.

வியன்னாவில் காபிக் கடை என்பது உட்காரும் இடம். காபி ஒரு சாக்கு. அவர்களுடைய ‘மெலாஞ்ச்’ நம் பால் காபிக்குக் கொஞ்சம் தூரத்துச் சொந்தம், டிகிரி காபியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சின்னத் தட்டில் ஒரு கோப்பை, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர். பத்திரிகைகளைக் கட்டையில் செருகி மாட்டி வைத்திருப்பார்கள். நீங்களாகக் கேட்கிறவரை பில் வராது. ஒரே காபியோடு இரண்டு மணி நேரம் இருந்தோம், யாரும் முகம் சுளிக்கவில்லை. இந்தப் பழக்கத்தை 2011இல் ஆஸ்திரியா தன் மரபுச் செல்வங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் ‘க்ரூஸ் காட்’ சொல்லுங்கள், அங்கே வணக்கம் அதுதான். சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் முகம் இறுகும், சொன்னால் பாதி வேலை முடிந்தது. மொழி பற்றிய பயத்துக்கு என் அனுபவத்தில் இந்த ஒரு வணக்கமும் போனில் இருக்கிற மொழிபெயர்ப்பும் போதும்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

வியன்னாவில் நான் போக நினைத்தது அரண்மனைகளுக்கு இல்லை, ஒரு அஞ்சல் சேமிப்பு வங்கிக்கு. ஓட்டோ வாக்னர் என்ற கட்டிடக் கலைஞர் கட்டியது, 1906இல் திறந்தார்கள். வெளிச்சுவரில் பளிங்குப் பலகைகளை ஆயிரக்கணக்கான ஆணிகளால் பொருத்தி, ஒவ்வொரு ஆணித்தலைக்கும் அலுமினியத் தொப்பி போட்டிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டிடமே ஒரு பெரிய இரும்புப் பெட்டி மாதிரி தெரியும்: உன் பணம் பத்திரம் என்று சாதாரண ஜனங்களுக்குச் சொல்கிறது. உள்ளே போனால் நடுக்கூடத்துக்குக் கண்ணாடிக் கூரை. தரையிலும் கண்ணாடிக் கட்டிகள், கீழ்த்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் வெளிச்சம் இறங்கட்டும் என்று. இப்போது அங்கே வங்கி இல்லை, உயர்கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனால் அந்தக் கூடத்தை நாங்கள் போய்ப் பார்க்க முடிந்தது.

ஆஸ்திரியாவின் அஞ்சல் சேமிப்பு வங்கி 1883இல் தொடங்கியது. நம் நாட்டில் 1882. ஒரே காலத்துப் பிள்ளைகள். நான் 34 வருடம் இருந்த கவுன்டரில் டியூப்லைட் பாதி நாள் கண்சிமிட்டும். மாதம் 50 ரூபாய், 100 ரூபாய் கட்ட வரும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் பாஸ்புக்கைத் துணிப்பையிலிருந்து எடுத்து, பிரித்து, தடவிக் கொடுப்பார்கள். அவர்களை எத்தனை தடவை ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்டியிருக்கிறேன்! அந்தக் கூடத்தில் நிற்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது. சில்லறை சேமிக்கிறவர்களுக்காக ஒருவர் இவ்வளவு வெளிச்சத்தை யோசித்திருக்கிறார். அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கைக்குட்டையை நீட்டினாள். 30 வயதில் அங்கே போயிருந்தால் அழகான கட்டிடம் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். 66 வயதில் போனதால் என் கவுன்டரையும் சேர்த்துப் பார்த்தேன். இந்த வயதில் என்ன கிடைக்கும் என்றால், இந்த மாதிரிதான் கிடைக்கும். எல்லா இடத்திலும் கிடைக்காது, எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவேதான் நாள் வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம், அஞ்சலட்டை பிறந்ததும் அங்கேதான். 1869 அக்டோபர் 1ஆம் தேதி ஆஸ்திரிய-ஹங்கேரி அஞ்சல் துறை உலகத்தின் முதல் அஞ்சலட்டையை விற்பனைக்கு விட்டது. பத்து வருடம் கழித்து, 1879இல், நமக்குக் காலணா கார்டு வந்தது. துறைக்குள் இத்தனை வருடம் இருந்தும் இதை ஓய்வு பெற்றபிறகுதான் படித்தேன்.

அக்காவுக்கு அவளுடைய இடம் ஓவியக்கூடம். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பீட்டர் புருகல் ஓவியங்களுக்கென்று ஒரு பெரிய அறை, நடுவில் உட்கார இருக்கை. ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ என்ற 1565ஆம் வருட ஓவியம். அதன் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். மற்ற அறைகளுக்கு வரவே இல்லை. வேட்டைக்காரர்கள் ஒற்றை நரியோடு திரும்புகிறார்கள், நாய்கள் தலை தொங்கிப் பின்னால் வருகின்றன, கீழே உறைந்த குளத்தில் ஜனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். “போனவன் முகம் ஒன்றுகூடத் தெரியலை பார். எல்லாம் முதுகு. வெறுங்கையோடு வீடு திரும்புகிறவன் முகத்தை எதுக்குக் காட்டணும் என்று விட்டுவிட்டான்” என்றாள். சத்திரத்துப் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குவதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். கணக்கு டீச்சர் கண். அருங்காட்சியகத்தில் எல்லா அறையும் பார்த்தாக வேண்டும் என்ற கடமையை இந்த வயதில் கழற்றி வைத்துவிடலாம். ஒரு அறை, ஒரு இருக்கை போதும். உங்கள் கணவரின் முழங்காலுக்கும் அதுதான் தோது.

வியன்னாவில் 71ஆம் நம்பர் டிராம் என்று ஒன்று. ஒருவர் இறந்துவிட்டால் “71ஐப் பிடித்துவிட்டார்” என்பார்கள். மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற டிராம் அது. பெயர்தான் கல்லறை, ஆனால் இரண்டரைச் சதுர கிலோமீட்டர், மரமும் புல்வெளியும். 1874இல் திறந்தது. ஏறக்குறைய 30 லட்சம் பேர் அங்கே அடக்கம் என்கிறார்கள். ஊரில் உயிரோடு இருப்பவர்களைவிட அதிகம். உள்ளே சுற்றிவர நகரப் பேருந்தே ஓடுகிறது, ஆகவே நடக்க முடியாதவர்களும் போகலாம். பீத்தோவனும் ஷூபர்ட்டும் பக்கத்துப் பக்கத்தில். இருவரையும் 1888இல் பழைய இடத்திலிருந்து மாற்றிக் கொண்டுவந்தார்களாம். கல்லறைக்கு நடுவே காட்டு வெள்ளெலி ஓடுகிறது. மெழுகுவர்த்தி மெழுகைத் தின்ன வரும் என்றார் அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவர். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம் ஊரில் சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. வீட்டுக்காரரை அனுப்பிவைத்த வாசலோடு எங்கள் இருவருக்கும் அது முடிந்துவிட்டது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இருவர் வீட்டுக்காரரைப் பற்றியும் வெகுநாள் கழித்துச் சிரித்துச் சிரித்துப் பேசினோம். என் அத்தான் உப்பு கூடின குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் குடித்த கதை எனக்கு அன்றுதான் தெரியும். திரும்பும்போது 71ஐப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. “ஏறு, ஏறு, நமக்கு இது ரிட்டர்ன் டிக்கெட்” என்றாள்.

டிராம் பற்றி ஒன்று: புது வண்டிகளில் படி கிடையாது, நடைமேடை உயரத்துக்கே வந்து நிற்கும். படியுள்ள பழைய வண்டி வந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். அவசரம் என்ன?

ஒரு ராத்திரி அக்காவுக்குத் தலைசுற்றல் வந்து பயந்துபோனோம். ஆஸ்திரியாவில் மருந்துக்கடைக்குச் சிவப்பு ‘ஏ’ எழுத்துதான் அடையாளம். ஒவ்வொரு பகுதியிலும் முறைவைத்து இரவு முழுக்க ஒரு கடை இருக்கும், மூடிய கடையின் கதவிலேயே அன்றைய முறை எந்தக் கடை என்று ஒட்டியிருப்பார்கள். பிரஷர் பார்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்ததுதான் காரணம் என்று அனுப்பிவைத்தார்கள். ஆனால் பாரசிட்டமால்கூட மளிகைக்கடையில் கிடைக்காது, மருந்துக்கடைதான். உங்கள் மாத்திரைகளை முழு நாளுக்கும், கூடப் பத்து நாளுக்கும், கைப்பையில் வையுங்கள். பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது, மருந்தின் மூலப்பெயரை எழுதிய மருத்துவர் சீட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவசர எண் 112, நாங்கள் போன நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

பெர்ன் போகிற வழியில், வியன்னாவிலிருந்து சூரிச்சுக்கு ரயில் ஏறக்குறைய 8 மணி நேரம். விமானத்தில் போகலாமே என்றான் என் மகன். போயிருந்தால் ஆர்ல்பெர்க் மலை போயிருக்கும். 1884இல் குடைந்த சுரங்கம், 10 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் வெளியே வந்தால் மழை. அதைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் லீக்டன்ஸ்டைன் என்ற நாட்டுக்குள் நுழைந்து, எங்கும் நிற்காமல், சில நிமிடத்தில் வெளியே வந்துவிடும். நாங்கள் அப்போது எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். 8 நாட்டுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெர்ன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே விலைவாசி என்னை யோசிக்கவிடவில்லை. ஆனாலும் முழங்காலுக்கு அதைவிட நல்ல ஊர் நான் பார்க்கவில்லை. பழைய ஊரில் கடைகளுக்கு முன்னால் வளைவு வளைவாகக் கூரையிட்ட நடைபாதை, மொத்தம் 6 கிலோமீட்டர். மழையும் வெயிலும் படாது. விடுதியில் தங்கினால் ஊர்ப் பேருந்தும் டிராமும் இலவசம். ஐன்ஸ்டைன் அங்கே காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை மாதிரி ஒன்றில் இருந்துகொண்டுதான் 1905இல் தன் புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரைகளை எழுதினார். அரசாங்க ஆபீஸில் உட்கார்ந்தவர்களை யாரும் லேசாக நினைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். எனக்கு முக்கியமானது ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் இருக்கிறது. 1874இல் பெர்னில்தான் உலக நாடுகள் கூடி, ஒரு நாட்டில் ஒட்டிய தபால்தலையை இன்னொரு நாடு மதிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டன. அதற்கு 1909இல் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள்: பூமியைச் சுற்றிப் பறக்கிற ஐந்து பெண்கள், ஐந்து கண்டம், ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குக் கடிதம் போகிறது. அதன் கீழே உட்கார்ந்து வீட்டு விலாசத்துக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

கொலோனில் தேவாலயம் ரயில் நிலையத்து வாசலிலேயே நிற்கிறது. 1248இல் ஆரம்பித்து 1880இல் முடித்தார்கள். எங்கள் வீடு கட்ட மூன்று வருடம் ஆனதற்குக் கொத்தனாரைத் திட்டியது தப்பு என்றாள் அக்கா. தெற்கிலிருந்து கொலோன் போகும் ரயிலில் இரண்டு வழி உண்டு. வேகமான பாதையை எடுக்காமல் ரைன் நதியோரமாகப் போகிறதை எடுங்கள். நேரம் கூடும், குன்றுக்குக் குன்று கோட்டை தெரியும்.

புரூஜில் கால்வாய், படகு, சாக்லேட் எல்லாம் எல்லாரும் சொல்லுவார்கள். நாங்கள் தினமும் போனது பெகைன் பெண்கள் வாழ்ந்த வளாகத்துக்கு. 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. நடுவில் மரங்கள் அடர்ந்த புல்வெளி, சுற்றி வெள்ளையடித்த வீடுகள், ஒரு கதவு. பெகைன்கள் துறவிகள் இல்லை. வாழ்நாள் சபதம் கிடையாது, வேண்டுமென்றால் வெளியேறிக் கல்யாணம் செய்துகொள்ளலாம், சொத்து வைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகாதவர்கள், புருஷனை இழந்தவர்கள் என்று சேர்ந்து வாழ்ந்து, கம்பளி வெளுத்து, லேஸ் பின்னி, நோயாளிகளைப் பார்த்துச் சம்பாதித்தார்கள். பெல்ஜியத்தில் இப்படிப்பட்ட 13 வளாகங்களை யுனெஸ்கோ 1998இல் பட்டியலில் சேர்த்தது. கடைசி பெகைன் மார்செல்லா பாட்டின், 2013இல் கோர்ட்ரைக் என்ற ஊரில் தன் 92ஆம் வயதில் இறந்தார். கண்பார்வை அநேகமாக இல்லாதவர். எழுநூறு எண்ணூறு வருடப் பழக்கம் ஒருவரோடு முடிந்தது. புரூஜ் வளாகத்தில் இப்போது பெனடிக்ட் சபைக் கன்னியாஸ்திரிகள் இருக்கிறார்கள்.

அங்கே சத்தமாகப் பேசக் கூடாது, மெல்லத்தான் பேச வேண்டும். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். வீட்டுக்காரர் போனபின் நாங்கள் சேர்ந்து குடியிருப்பதை ஊரில் சிலர் ‘பாவம், பிள்ளைகள் வைத்துக்கொள்ளவில்லை’ என்று பேசுவது உண்டு. நாங்கள்தான் போகவில்லை. அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. அந்த வெள்ளை வீடுகளைப் பார்த்தபோது விளக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று பட்டது. நாலாம் நாள் அக்காவிடம் கேட்டேன், “இதில் ஒன்றைக் கொடுத்தால் இருந்துவிடலாமா?” வெகுநேரம் யோசித்துவிட்டு, “வாடகை எவ்வளவு என்று விசாரி” என்றாள்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். மகனிடம் அந்தப் பணத்தையே வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு ஊர் போதும். முதல் பயணத்துக்கு மூன்றுகூட அதிகம். மே அல்லது செப்டம்பர், வெயிலும் கூட்டமும் குறைவு. ஒரு ஊர் நீங்கள் தேர்ந்தெடுங்கள், இன்னொன்றைக் கணவர் தேர்ந்தெடுக்கட்டும். அவர் என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வேலைக்கு அங்கே ஒரு கோயில் மாதிரி ஓர் இடம் கண்டிப்பாக இருக்கும், அதைத் தேடிப்பிடியுங்கள். ஒர்க்‌ஷாப்பில் இருந்தாரா, மில்லில் இருந்தாரா, பள்ளிக்கூடமா? எழுதுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன்.

பெர்னில் போட்ட கார்டு நாங்கள் ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. வாசலில் சைக்கிள் மணி. கொண்டுவந்த பையன் நான் ஆபீஸில் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவன். கார்டை நீட்டிவிட்டு, “என்ன மேடம், அங்கே காபி 500 ரூபாயாமே?” என்றான். கார்டைப் படிக்கக் கூடாது என்று அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.